வெளிக்கதவில் வைத்த சந்தனம்

போன தைப்பூசத்தன்று கோயில் அன்னதான வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பிள்ளை கிட்ட வந்து கும்பிட்டது. பெயர் நிரோஷா, ராகலைப் பக்கம் வீடு. கம்பஸ் படிப்பை முடித்துவிட்டு, நான் வேலை செய்து ஓய்ந்த அதே ஆய்வுகூடத்தில் இப்போது சேர்ந்திருக்கிறதாம்.

“நீங்கதானே லெட்சுமணன் ஐயா? கோவிச்சுக்க மாட்டீங்கன்னா ஒண்ணு கேக்கலாமா?”

“கேளு தாயி.”

“ஆயுத பூசைக்குச் சந்தனம் பூசி, வளர்த்து வச்சிருந்த நரம்புக் கலத்தையெல்லாம் சாகடிச்சது நீங்கதானாமே?”

அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டுதான் கேட்டது. கெட்ட எண்ணம் கிடையாது. நான் வரிசையை விட்டு விலகி வந்தேன். யார் சொன்னது என்று கேட்டேன். கலம், அதாவது செல், வளர்க்கும் அறைக் கதவில் விதிமுறைப் பலகை ஒன்று மாட்டியிருக்கிறதாம். செருப்பு மாற்று, கை கழுவு என்று வரிசையாகப் போய், கடைசி வரியில் இப்படி எழுதியிருக்கிறதாம்: ‘சமயச் சடங்குகள் முற்றாகத் தடை. முன்னர் ஊழியர் ஒருவர் சந்தனம் பூசியதால் கலங்கள் அழிந்தன.’ அந்த ஊழியர் யார் என்று இந்தப் பிள்ளை விசாரிக்க, பழைய டிரைவர் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். சந்தனம் வைத்தது நான்தான் என்பது அவருக்குத் தெரியும். மற்றது ஒன்றும் அவருக்குத் தெரியாது.

வேலையை விட்டு வந்த அன்றைக்கு, இனி யாரோடும் வழக்குக்குப் போவதில்லை என்று அம்மனிடம் சொல்லிவிட்டு வந்தவன் நான். இந்த ஒன்றுக்கு மட்டும் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு மனிதனின் பக்தியை எடுத்து அவன் தலையிலேயே பழியாகக் கட்டி, அதைக் கதவிலும் மாட்டி, வருகிற பிள்ளைகளையெல்லாம் படிக்க வைத்திருக்கிறார்கள். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் நான் நெற்றியில் பூசுகிற திருநீற்றுக்கு அர்த்தமில்லை.

நான் எழுத்துக்காரன் இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி. அப்புறம் விடியக்காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டில் போய் நின்றவன். நுவரெலியாவிலிருந்து உடப்புசல்லாவைக்குப் போகும் பாதையில், முன்பு துரைமார் இருந்த பங்களா ஒன்றை ஆய்வுகூடமாக்கினார்கள். தோட்டங்களில் அடிக்கும் மருந்துகள் மனிதனின் நரம்புக்கு என்ன செய்கின்றன என்று பார்ப்பதற்காக அமைத்தது. கண்ணாடிச் சாமான் கழுவ ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். சில வருடங்கள் கழுவியே கழிந்தன. பிறகு கலம் வளர்க்கும் அறைக்குள் விட்டார்கள். ஓய்வு பெறும்வரைக்கும் அங்கேயே இருந்தேன்.

அந்த அறைக்கு அதிகாரி டொக்டரம்மா. யாழ்ப்பாணத்துக்காரர். வைத்தியம் பார்க்கிற டொக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய டொக்டர். இதைத் தோட்டத்து லய வீடுகளில் இருக்கிற சனத்துக்குச் சொல்லிப் புரியவைக்க அவரால் முடியவில்லை. வயிற்றுவலி என்று வாசல் கேட்டுக்கு வருகிறவர்களுக்கு இஞ்சித் தேத்தண்ணி கொடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்புவார். சனம் அதையே மருந்து என்று நம்பி, குணமாகிவிட்டது என்று மறுவாரம் வாழைப்பழச் சீப்போடு வரும்.

ஏசுகிற பழக்கம் அவரிடம் இல்லை. பிழை விட்டவனை நுணுக்குக்காட்டிக்கு முன்னால் உட்கார வைத்து, “என்ன தெரியுது, சொல்லுங்கோ” என்பார். நாம் பார்த்துச் சொல்லி முடிக்கும்வரை வாய் திறக்கமாட்டார். அந்த மௌனத்துக்கு, மலையில் வேலை வாங்கும் கண்டாக்கையாவிடம் நாங்கள் கேட்டு வளர்ந்த ஏச்சு எவ்வளவோ தேவலை. கண்ணாடிக் குழாயைக் கையில் எடுத்துவிட்டால் யாரும் பேசக்கூடாது. வளையலைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைப்பார். வளையல் அங்கே இருந்தால் அமைச்சரே வந்தாலும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

முதலில் எனக்கு அந்த வேலையே வேண்டாம் என்றிருந்தது. காரணத்தைச் சொல்லத்தான் வேண்டும். மூளைக் கலத்தை வளர்ந்த எலியிலிருந்து எடுத்தால் அது பிழைக்காது. வயிற்றுக் குட்டிகளின் மூளைக்காகச் சூல் கொண்ட வெள்ளெலியை, ஈனுவதற்குச் சில நாள் முந்தி எடுக்க வேண்டும். மயக்கம் கொடுத்து, அதற்கு நோவே தெரியாமல்தான் செய்வார்கள். இருந்தாலும் சூல் உயிர் அல்லவா? சினை ஆட்டுக்கு நேரே கம்பு ஓங்கினாலே என் அப்பா எங்களை அடிக்க வருவார். முதல் தடவை அதைப் பார்த்த அன்றைக்கு நான் வீட்டில் சோறு சாப்பிடவில்லை. மறுநாள் போய், “இந்தப் பாவம் எனக்கு வேணாம்மா, என்னைத் திரும்ப கழுவற வேலைக்கே போடுங்க” என்றேன்.

டொக்டரம்மா என் பக்கம் திரும்பினார். “எனக்கும் அது ஒவ்வொரு முறையும் மனசுக்கை கிடக்கும், லெட்சுமணன். பழகிப்போச்சு எண்டு சொல்லுற ஆளை நான் இந்த அறைக்குள்ளை விடமாட்டன். நீங்கள் நில்லுங்கோ. ஒண்டு மட்டும் செய்வம். எடுத்த உயிரிலை ஒரு கிண்ணமும் வீண் போகக்கூடாது.”

நின்றேன். அதை நான் வேலை விதியாக எடுத்துக்கொள்ளவில்லை, நேர்த்திக்கடனாக எடுத்துக்கொண்டேன். இனிச் சொல்லப் போகிறதில் எனக்கு ஏன் இத்தனை கோபம் என்று யாருக்காவது தோன்றினால், இந்த இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வருகிற பிள்ளைகளுக்கு எல்லாமே அவசரம். ஆகையால் அந்தக் கலம் எப்படி வளர்கிறது என்பதைக் கொஞ்சம் விலாவாரியாகச் சொல்கிறேன்.

கலம் உட்காருகிற கண்ணாடிச் சில்லுக்கு முதல் நாளே ஒரு ஒட்டுப் பூச்சு பூச வேண்டும். அது இல்லாமல் கலம் பிடிக்காது. மறுநாள் அதைத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும், கழுவல் குறைந்தால் அந்தப் பூச்சே நஞ்சாகிவிடும். மூளையில் எடுக்கிற துண்டு அரிசிக் குருணை அளவுதான் இருக்கும். அதைப் பனிக்கட்டி மேல் வைத்துப் பிரித்து, வாய் விளிம்பை உருக்கி மழுக்கிய கண்ணாடிக் குழாயால் மெள்ள உறிஞ்சி, மெள்ள விட்டு, கலம் கலமாகப் பிரிப்பார் டொக்டரம்மா. ஒரு குமிழி வரக்கூடாது. குமிழி வந்தால் கலம் கிழிந்துவிடும். பிறகு கிண்ணங்களில் விட்டு, உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் பெட்டிக்குள் அடுக்குவோம். சூட்டுப் பெட்டி என்போம். வெளியே மூடுபனி ஜன்னலில் வழியும், நாங்கள் மேலுக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டிருப்போம். அந்தப் பெட்டிக்குள் மட்டும் தாய் வயிற்றுச் சூடு.

முதலில் கடுகு மாதிரி உருண்டையாக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் கிடக்கும். மறுநாள் பார்த்தால் சின்னச் சின்னக் கால் விட்டிருக்கும், எல்லாம் ஒரே நீளம். பிறகு அதில் ஒரு கால் மட்டும் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஓடும். சேதி அனுப்புகிற கால் அது. பின்தங்கின கால்கள் தடித்து, மரக்கொப்பு மாதிரிக் கிளை விடும். சேதி வாங்குகிறவை அவை. ஒரு வாரத்துக்குள் கிண்ணம் நிறைந்து, கால் மேல் கால் பின்னி, காடு மாதிரி ஆகிவிடும். பார்க்கிறவன் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைப்பான். அங்கேதான் ஏமாறுவான்.

நானும் ஏமாந்திருக்கிறேன். “எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்துருச்சும்மா” என்றேன் ஒரு முறை. டொக்டரம்மா சிரித்தார். “ராகலை பஸ்ஸிலை தோளோடை தோள் முட்டி நிக்கிற ஆக்களெல்லாம் சொந்தக்காரரோ, லெட்சுமணன்? பொறுங்கோ.”

பொறுத்தால், இரண்டாவது வாரத்தில் கிளைகளின் மேல் பொடிப் பொடி முள் கிளம்பும். அந்த முள்ளுக்கு நேர் எதிரே, வந்து நிற்கிற காலின் நுனி லேசாக உப்பும். இரண்டும் ஒட்டாது. இடையில் ஒரு மயிரிழைகூட இல்லாத சந்து. சேதி இந்தக் கரையில் ரசாயனமாகச் சுரந்து, சந்தைக் கடந்து, அந்தக் கரையில் இருக்கும் வாசல்களைத் திறக்கும். அதைத்தான் சினாப்ஸ் என்கிறார்கள். மூன்றாவது வாரம் முள் தடித்துக் காளான் குடை மாதிரி ஆகும், வாசல்களும் நிறைய வந்து உட்காரும். அப்புறம்தான் அதுகள் பேசும். மினுங்குகிற சாயம் ஒன்று போட்டு இருட்டறையில் பார்த்தால், கிண்ணம் முழுக்க ஒரே நேரத்தில் மினுங்கி அடங்கும், மறுபடி மினுங்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது என்னை அறியாமல் கையெடுத்துக் கும்பிட்டேன். டொக்டரம்மா கேலி செய்யவில்லை.

இத்தனைக்கும் கலத்தைத் தனியே விட்டால் காரியம் நடக்காது. துணைக் கலங்கள் என்று வேறு வகை இருக்கின்றன. சேதி அனுப்பாது, வாங்காது, ஆனால் அவை சுரக்கிறது மீடியத்தில் கலந்திருந்தால்தான் இந்த முள்ளும் இணைப்பும் சரியாக வரும். மீடியம் என்றால் கலம் குடிக்கும் சாறு. ஆகவே மாற்றும்போது பாதியை எடுத்து, பாதியை விட்டுவைத்து, எடுத்த அளவுக்குப் புதுசு சேர்க்க வேண்டும். பழசு அழுக்கு என்று முழுவதையும் கொட்டினவர்களைக் கண்டிருக்கிறேன். மறுநாள் கலம் சோர்ந்து கிடக்கும்.

இனி ஆயுத பூசை விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் சனத்தில் அன்றைக்குப் பொட்டு வைக்காத ஆயுதம் கிடையாது. கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, கொழுந்துக் கூடை, லொறி எல்லாத்துக்கும் வைப்போம். ஆய்வுகூடத்திலும் செய்தோம். ஆனால் அதற்கு டொக்டரம்மா முதல் வருடமே ஒழுங்கு போட்டுவிட்டார். சாம்பிராணியும் சூடமும் விறாந்தையோடு சரி. அறைக்குள் நெருப்பு வராது. சந்தனம் சூட்டுப் பெட்டியின் வெளிக்கதவில் மட்டும், மூன்று பொட்டு. பொட்டு வைத்த கையைக் கழுவி, ஸ்பிரிட் போட்டுத் துடைக்காமல் வேறு எதையும் தொடக்கூடாது. பூசை அன்றைக்கு ஆயுதத்தைத் தொடக்கூடாது அல்லவா? அதற்காக, மீடியம் மாற்றும் நாள் பூசைக்கு முந்தியே வருகிற மாதிரி வைத்துக்கொள்வோம். பூசை அன்று பெட்டியைத் திறப்பதே இல்லை. யோசித்துப் பாருங்கள், வருடத்தில் அந்தக் கதவு திறக்கவே திறக்காத நாள் அதுதான். கலத்துக்கு அதைவிட நிம்மதியான நாள் ஏது?

புதுசாக ஒரு புல்லு மருந்து வந்தது. தேயிலைக்கு நடுவே களை அழிக்க அடிப்பது. பரீட்சார்த்தமாக முதலில் அடித்தது எங்கள் தோட்டத்தில். அடித்தவர்களில் ஒருவன் என் மனைவி பார்வதியின் தம்பி கணேசன். முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு காலையில் மலை ஏறினால் மத்தியானம்தான் இறங்குவான். சாயங்காலம் எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது கோப்பை அவன் கையில் கிடுகிடு என்று ஆடும். ஆடுவதை அவனே கேலி பண்ணுவான்.

“என்ன மச்சான், ஒங்க எலி மூளை என்ன சொல்லுது? மருந்த அடிக்கலாமா, வேணாமா?”

“இன்னும் பேசலடா.”

“ரெண்டு கழுத சம்பளம் வாங்கிக்கிட்டு ஒரு எலிய பேச வைக்க முடியல!”

“வாய மூடிக்கிட்டு குடி” என்பாள் பார்வதி. அவன் போன பிறகு, “ஏங்க, அந்தக் கை நடுங்குறத பாத்தீங்கல்ல? நெசமாவே கண்டுபுடிச்சுருவீங்களா?” என்று கேட்பாள். அந்தக் கேள்விக்குத்தான் நான் தினமும் பஸ் ஏறிப் போனேன்.

அந்த மருந்தின் சோதனை எங்கள் அறைக்கு வந்தபோது, ஆய்வுகூடத்துக்கே தலைவரான பணிப்பாளர் ஐயாவுக்கு ஒரே அவசரம். கொழும்பிலிருந்து வந்த தமிழர், பேச்சு பண்பாக இருக்கும். மருந்தைக் கொண்டுவந்தவர்கள் மழைக் காலத்துக்குள் பதில் கேட்கிறார்களாம். முதல் வாரத்துக் கிண்ணங்களிலேயே மருந்தை விட்டுப் பார்க்கச் சொன்னார். டொக்டரம்மா மறுக்கவில்லை, சொன்னபடி செய்தார். கலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

பணிப்பாளர் ஐயாவுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். “பாத்தீங்களா டொக்டர், எல்லாம் நல்லா இருக்கு. எழுதிடலாம்.”

“வாசலே வைக்காத வீட்டுக்குக் கள்ளன் வரேல்லை எண்டு சந்தோஷப்படுறியள்” என்றார் டொக்டரம்மா. “இந்த மருந்து போய்ப் பிடிக்கிற வாசல் சினாப்ஸிலைதான் கூடுதலா இருக்கும் எண்டது என்ரை எண்ணம். இந்த வயசிலை அது சரியா வரேல்லை. இதே எலியிலை எடுத்த மற்றக் கிண்ணங்கள் முத்தட்டும். அதிலையும் பாத்துட்டு எழுதுவம்.”

“முடிவு மாறாது.”

“மாறாட்டி நல்லதுதானே.”

மற்றக் கிண்ணங்களை மூன்றாவது வாரம் வரைக்கும் வளர்த்தோம். இடையில் ஆயுத பூசை வந்தது. வழக்கப்படி விறாந்தையில் சாம்பிராணி, வெளிக்கதவில் மூன்று பொட்டு. பூசை கழிந்து கிண்ணங்களைப் பார்த்தோம், எல்லாம் மினுங்கி அடங்கி நன்றாகவே பேசின. அதற்கு அப்புறம்தான் பாதிக் கிண்ணங்களில் டொக்டரம்மா மருந்தை விட்டார். மருந்து விடாத கிண்ணங்களையும் அதே தட்டில், பக்கத்திலேயே வைத்தார்.

ஓரிரு நாளில் மருந்து விட்ட கிண்ணங்களில் கிளைகள் முடிச்சு விழுந்து, கோத்த பாசிமணி மாதிரி ஆகிவிட்டன. சினாப்ஸை எண்ணுவதற்கு இரண்டு சாயம் உண்டு. அனுப்புகிற நுனி சிவப்பு, வாங்குகிற முள் பச்சை, இரண்டும் நேருக்கு நேர் நின்றால் மஞ்சள் புள்ளி. பக்கத்துக் கிண்ணத்தில் மஞ்சள் புள்ளி கடுகைத் தூவின மாதிரி நிறைந்து கிடக்க, மருந்து விட்டதில் தேடித் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. டொக்டரம்மா என்னை உட்கார வைத்து, “என்ன தெரியுது, சொல்லுங்கோ” என்றார். எனக்குக் கணேசன் கை தெரிந்தது. அதைச் சொல்லாமல், “மஞ்சளக் காணோம்மா” என்றேன்.

முடிவு தெரிந்ததும் பணிப்பாளர் ஐயா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. அத்தனை வருடத்தில் உட்காரச் சொன்னது அன்றைக்குத்தான்.

“இங்க பாருங்க லெட்சுமணன், பூசைக்குச் சந்தனம் வச்சது நீங்கதானே?”

“ஆமாங்க ஐயா. வெளிக்கதவுல.”

“கொஞ்சம் உள்ளேயும் பட்டிருக்கும்.”

“இல்லைங்க ஐயா. அன்னைக்குக் கதவையே தொறக்கல.”

“நல்லா யோசிச்சுப் பாருங்க. நீங்க எல்லாம் பக்தியான ஆக்கள். ஒரு ஆர்வத்துல உள் தட்டுலயும் ஒரு பொட்டு வச்சிருப்பீங்க. சந்தனத்துல இருந்து பூஞ்சணம் போய்க் கலம் கெட்டிருக்கும். நாளைக்கு ஆக்கள் வந்து கேப்பாங்க. அப்படி நடந்திருக்கலாம்னு மட்டும் சொல்லுங்க, போதும். உங்களுக்கு ஒரு குத்தமும் வராது. அறியாமையில செஞ்சதுன்னு விட்டுருவாங்க.”

அறியாமை. அந்தச் சொல் இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. எங்கள் சனத்தின் மேல் எந்தப் பழியையும் இந்த ஒரு சொல்லால் ஒட்டிவிடலாம். அவன் கை நடுங்கினால் குடித்திருப்பான் என்பார்கள். அவன் கிணற்றில் மருந்து கலந்தால் டேங்கை அங்கே கழுவியிருப்பான் என்பார்கள். அவன் காவல் காத்த கலம் செத்தால் சாமி கும்பிட்டுக் கெடுத்திருப்பான் என்கிறார்கள். நான் கேட்கிறேன், படித்தவர்களுக்குப் பொய் தேவைப்படும்போதெல்லாம் எங்கள் சாமியா வந்து சாட்சி நிற்க வேண்டும்?

எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு சொல்ல எனக்கு வரவில்லை.

“ஐயா, அந்தப் பொட்டு நான் அம்மன நெனச்சு வச்சது. அத காட்டி ஒரு பொய் சொன்னா, அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ முன்னால நிப்பேன்? வேலைய விட்டு அனுப்புறதுன்னா அனுப்புங்க. உள்ள சந்தனம் வைக்கல.”

அந்த நேரம் டொக்டரம்மா உள்ளே வந்தார். கையில் வளையல் இல்லை, வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கிறார். நான் உட்கார வைக்கப்பட்ட சேதியை டிரைவர் சொல்லியிருக்கிறார்.

“ஒரே கதவு, ஒரே தட்டு. மருந்து விடாத கிண்ணங்கள் பக்கத்திலை சுகமா இருக்குது. உங்கடை சந்தனத்துக்குக் கண் இருக்குதோ, மருந்து விட்டதை மட்டும் தேடிப் பிடிச்சுக் கொல்ல?”

பணிப்பாளர் ஐயா விடவில்லை. “சரி, சந்தேகம்னு ஒண்ணு வந்துருச்சு. திரும்பச் செய்யுங்க. இந்த முறை பூசை கீசை எதுவும் இல்லாம.”

“திரும்பச் செய்யுறன். ஆனா எல்லாம் அதே மாதிரித்தான் நடக்கும்” என்றார் டொக்டரம்மா. “பூசையை நிப்பாட்டிச் செய்து அதே முடிவு வந்தாலும், முதல் முறை சந்தனம், இந்த முறை வேறை ஏதோ எண்டு சொல்லுவியள். பூசையும் இருக்கும். அதே வெளிக்கதவு, அதே மூண்டு பொட்டு. நீங்களும் வந்து பக்கத்திலை நிண்டு பாருங்கோ.”

எல்லாம் ஒழுங்காகும்போது பங்குனி வந்துவிட்டது. பங்குனி மாதத்தில் ஆயுத பூசை! கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எனக்கே மனசு ஒப்பவில்லை. நவராத்திரி இல்லாமல் என்ன ஆயுத பூசை? கோயில் பூசாரியிடம் போய்க் கேட்டேன். “பொய்ய ஒடைக்கறதுக்குப் பொட்டு வச்சா அவ வேணாம்னா சொல்லப் போறா? வையப்பா” என்றார். பார்வதி மட்டும் சந்தனத்தை உரைத்துக் கொடுத்துவிட்டு, “அந்த ஐயாவுக்கும் ஒரு பொட்டு வச்சு விடுங்க, புத்தி வரட்டும்” என்றாள்.

மறுபடியும் ஒரு சூல் எலி. இதை மட்டும் அந்த ஐயாவை நான் மன்னிக்கவே இல்லை. முதல் தடவை எடுத்த உயிர் உண்மையைச் சொல்லியாயிற்று. அதை நம்ப மனமில்லாமல் இன்னொரு தாயையும் அதன் குட்டிகளையும் எடுக்க வைத்தார்கள். என் நேர்த்திக்கடனை என் கையாலேயே உடைக்க வைத்தது அந்தப் பொய்.

எல்லாம் அதேபோல நடந்தது. பொட்டு வைக்கும்போது பணிப்பாளர் ஐயா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். சாம்பிராணி விறாந்தையில் புகைந்தது, கதவு திறக்கவில்லை. பூசைக்குப் பிறகு கிண்ணங்கள் அனைத்தும் மினுங்கின. அவரே இருட்டறையில் குனிந்து பார்த்தார். பிறகு மருந்து. பிறகு அதே பாசிமணி, அதே மஞ்சள் இல்லாத இருட்டு. பக்கத்தில், மூன்று பொட்டு வைத்த அதே கதவுக்குப் பின்னால், மருந்து படாத கிண்ணங்கள் அமர்க்களமாகப் பேசிக்கொண்டிருந்தன.

அவர் நிமிர்ந்தார். “ம்” என்றார். அவ்வளவுதான்.

டொக்டரம்மா இரண்டு முடிவையும் எழுதி அனுப்பினார். மருந்தைக் கொண்டுவந்தவர்கள் சத்தம் போடாமல் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் தோட்டத்தில் அதை அடிப்பது நின்றது. கணேசனின் கை அந்த மருந்தால்தான் நடுங்குகிறது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்லக்கூடாது என்று டொக்டரம்மா எனக்குச் சொல்லியிருக்கிறார், கிண்ணம் வேறு, மனுசன் வேறு. ஆனால் அவன் கை இன்றைக்கும் ஆடுகிறது. அதைப் பரிசோதித்துப் பார்க்க யாரும் லயத்துக்கு வரவில்லை. டொக்டரம்மா ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். பணிப்பாளர் ஐயா கொழும்புக்கு மாறிப் போனார். போகும் முன் விதிமுறைப் பலகை எழுதியிருக்கிறார். நான் ஓய்வு பெற்று வந்த பிறகு அது மாட்டப்பட்டதால், அன்னதான வரிசையில் கேட்கும்வரைக்கும் எனக்குத் தெரியாமல் போயிற்று.

பூசம் கழிந்த திங்கட்கிழமை, நிரோஷாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனேன். இப்போதிருக்கிற பணிப்பாளர் சின்ன வயசு, நல்ல மாதிரியான பிள்ளை. நடந்ததைச் சொன்னேன். நிரோஷாவும் கேட்டுக்கொண்டு நின்றது. பூசம் அன்றைக்கு இருந்த சிரிப்பு அதன் முகத்தில் இல்லை.

“ஐயா, கலம் அறைக்குள்ள பூசை வேணாம்ங்கிறது நல்ல விதிதானே?” என்றார் அவர்.

“நல்ல விதிதாங்க சேர். அறைக்குள்ள பூசை வச்சா நானே வந்து சண்ட புடிப்பேன். அதுக்குப் பின்னால எழுதியிருக்கிற காரணம் பொய்.”

“அது சும்மா ஒரு வரிதானே ஐயா. உங்க பேருகூட அதுல இல்லையே.”

“அந்த ஒரு வரியச் சொல்லச் சொல்லித்தான் அன்னைக்கு என்னைய கதிரையில உக்கார வச்சாங்க. வாயால சொல்ல மாட்டேன்னு எந்திரிச்சு வந்தேன். என் வாயில வராதத உங்க கதவுல எழுதிட்டீங்களே, சேர்.”

அடுத்த கூட்டத்தில் பேசி முடிவெடுக்கிறோம் என்றார். கூட்டம் எப்போது கூடுமோ, யார் பேசுவார்களோ, தெரியாது. அதுவரைக்கும் அந்த அறைக்குள் நுழைகிற ஒவ்வொரு பிள்ளையும் அந்தப் பலகையைத்தான் முதலில் படிக்கும். அந்தப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

அம்மன் அறிய, சந்தனம் வெளிக்கதவில்தான் இருந்தது. உள்ளே போனது மருந்து.